142 கட்டடங்கள், 142 தாள்கள்: ஹான்ஸ் ஹாக்கேயின் ‘ஷபோல்ஸ்கி’ படைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

மேலே ஒரு கட்டடத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், கீழே அதே அளவில் தட்டச்சு செய்த ஒரு தாள். இரண்டும் 10 அங்குல உயரம், 8 அங்குல அகலம். இப்படி 142 ஜோடிகள். கூடவே 24க்கு 20 அங்குலத்தில் 2 வரைபடங்கள், 6 பரிவர்த்தனை விளக்கப்படங்கள், 1 விளக்கப் பலகை. ஹான்ஸ் ஹாக்கே 1971இல் நியூயார்க்கில் செய்து முடித்த ‘ஷபோல்ஸ்கி மற்றும் பிறர்: மன்ஹாட்டன் நிலச் சொத்துகள், ஒரு நிகழ்நேரச் சமூக அமைப்பு, 1971 மே 1 நிலவரப்படி’ என்ற படைப்பு முழுவதும் இவ்வளவுதான். ஷபோல்ஸ்கி என்பது அந்தச் சொத்துகளைக் கையில் வைத்திருந்த வீட்டு உரிமையாளரின் பெயர்; ‘பிறர்’ அவருடைய குழுவினர். ஓவியம் இல்லை, சிற்பம் இல்லை, ஒலி இல்லை. குற்றம் சாட்டும் ஒரு சொல்கூடக் கிடையாது.

கலைவழி ஆய்வு, அதாவது கலைப் படைப்பையே ஆய்வு முறையாகக் கொள்வது, என்ற பெயர் பரவலாவதற்கு வெகு முன்பே நடந்த வேலை இது. இருந்தும் இன்றைக்கு அந்தப் பெயரில் செய்யப்படும் பல படைப்புகளைவிட இதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. முதலில் தகவல் திரட்டுவது, பிறகு அதைக் கலையாக மாற்றுவது என்று இரண்டு தனிக் கட்டங்களாக வேலையைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் சறுக்குகிறார்கள். கோப்புகள் மேசையில் பரப்பப்படுகின்றன, சுவரில் நூல் கட்டப்படுகிறது, மூலையில் ஒரு காணொளி ஓடுகிறது. பார்வையாளர் ‘நிறைய உழைத்திருக்கிறார்கள்’ என்று நினைத்தபடி நகர்ந்துவிடுகிறார். ஹாக்கேயிடம் அந்தப் பிரிவே கிடையாது. தாளில் எந்தத் தகவலுக்கு இடம், எதற்கு இடமில்லை, எந்தத் தேதியோடு நிறுத்துவது, படத்தை எங்கே நின்று எடுப்பது என்ற ஒவ்வொரு முடிவும் ஒரே நேரத்தில் ஆய்வு முடிவாகவும் வடிவ முடிவாகவும் இருக்கிறது.

இதற்கு முன் செய்தவை

1936இல் கொலோனில் பிறந்த ஹாக்கே, 1960களின் தொடக்கத்தில் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பெட்டிக்குள் கொஞ்சம் நீரை அடைத்து, அறையின் வெப்பத்துக்கு ஏற்ப அது ஆவியாகிச் சுவரில் துளியாக வழிவதைப் படைப்பாக வைத்தவர். பெட்டி, நீர், அறை, அறைக்குள் வந்துபோகிறவர்களின் உடல் சூடு எல்லாம் சேர்ந்ததே அந்தப் படைப்பு. இயற்பியல் அமைப்பு, உயிரியல் அமைப்பு, சமூக அமைப்பு எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கும் வழக்கம் அங்கிருந்தே அவருக்குத் தொடர்கிறது. தலைப்பிலுள்ள ‘நிகழ்நேர அமைப்பு’ அந்த வழியில் வந்த சொல்.

சமூகத்தின் பக்கம் அவர் திரும்பியபோது முதலில் கையில் எடுத்தது பார்வையாளர்களைத்தான். 1969இல் நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் கேலரியில் வரைபடங்களை மாட்டி, வருகிறவர்கள் தாங்கள் பிறந்த ஊரையும் குடியிருக்கும் இடத்தையும் குண்டூசியால் குறிக்கும்படி செய்தார். பிறகு மன்ஹாட்டனில் ஊசி குத்தப்பட்ட இடங்களுக்கு நேரில் போய், அங்கிருந்த வீட்டு முகப்புகளைப் படமெடுத்தார். முகவரியிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து புகைப்படத்துக்கு என்ற நடைமுறை இங்கேதான் கைக்குப் பழகியது. ‘ஷபோல்ஸ்கி’யில் மாறியது முகவரிப் பட்டியல் வந்த இடம் மட்டுமே.

1970இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ‘இன்ஃபர்மேஷன்’ கண்காட்சியில் இரண்டு ஒளிபுகும் வாக்குப்பெட்டிகளை வைத்தார். இந்தோசீனாவில் அதிபர் நிக்சன் பின்பற்றும் கொள்கையை நியூயார்க் மாநில ஆளுநர் ராக்ஃபெல்லர் கண்டிக்கவில்லை என்பது, நவம்பர் தேர்தலில் ராக்ஃபெல்லருக்கு வாக்களிக்காமலிருக்க உங்களுக்கு ஒரு காரணமாகுமா என்பது கேள்வி. ஆம் என்றவர்கள் 25,566 பேர், இல்லை என்றவர்கள் 11,563 பேர். சீட்டுகள் குவிவது கண்ணெதிரே தெரிந்ததால், எண்ணி முடிக்கும் முன்பே பெட்டியின் மட்டம் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ஆய்வுக் கருவியாகப் பார்த்தால் அந்தக் கேள்வியில் குறை உண்டு. ‘கண்டிக்கவில்லை’, ‘வாக்களிக்காமலிருக்க’ என்று இரண்டு எதிர்மறைகள் அடுத்தடுத்து வருகின்றன. அவசரமாகப் படிக்கிறவர் தவறான பெட்டியில் போட வாய்ப்பிருக்கிறது. கேள்வியின் வாசகம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான் தரவின் தரம். அடுத்த ஆண்டு செய்த ‘ஷபோல்ஸ்கி’யில் அவர் யாரிடமும் கருத்துக் கேட்கவே இல்லை. ஏற்கெனவே அரசுப் பதிவேட்டில் கிடந்ததை மட்டும் எடுத்தார். கலையாகவும் ஆய்வாகவும் அது பெரிய முன்னேற்றம்.

பதிவேட்டில் நடந்த வேலை

மூலப்பொருளில் பெரும்பகுதி நியூயார்க் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எழுத்தர் அலுவலகத்தின் பொதுப் பதிவுகளிலிருந்து வந்தது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ரகசிய ஆவணம் எதுவும் இல்லை, உள்ளிருந்து தகவல் தந்தவர் யாரும் இல்லை. வில்லங்கம் பார்க்கிறவர் ஒரு சொத்துக்குச் செய்வதை இவர் 142 சொத்துகளுக்குச் செய்தார் என்று சொல்லலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அந்தச் சொத்துகள் ஏறத்தாழ 70 நிறுவனங்களின் பெயர்களில் சிதறிக் கிடந்தன. ஒரு நிறுவனத்தின் பதிவை மட்டும் பார்த்தால் சிறிய உரிமையாளர் ஒருவர்தான் தெரிவார். நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே சொத்துகளை விற்றன, வாங்கின, அடமானம் வைத்தன. அடமான வட்டிக்கு வரிச்சலுகை கிடைத்தது, உண்மையான உரிமையாளர் யார் என்பதும் மறைந்தது. தனித்தனிப் பதிவுகளில் ஒளிந்திருந்த இந்த உறவைப் பிடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு நிறுவனத்தின் முகவரியையும் அதிகாரிகளின் பெயரையும் தனியே எடுத்தெழுதி ஒப்பிட வேண்டும். ஒரே அலுவலக முகவரியும் ஒரே கையெழுத்துக்காரர்களும் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே ஒரு குழு இருக்கிறது. மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைட், ஹார்லெம் பகுதிகளில் ஒரே குழுவின் கட்டுப்பாட்டில் இருந்த சொத்துகளின் மிகப் பெரிய தொகுதி இதுதான் என்ற முடிவு இந்த ஒப்பீட்டில்தான் கிடைத்தது. அடமானம், விற்பனை போன்ற பரிமாற்றங்கள் யாரிடமிருந்து யாருக்குப் போயின என்பதைக் காட்டும் வேலை 6 விளக்கப்படங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

பதிவேட்டை வைத்து வேலை செய்கிறவர்கள் வழக்கமாக இடறுவது மூன்று இடங்களில். முதலாவது முகவரி. மூலைக் கட்டடத்துக்கு இரண்டு தெருப்பெயர்கள் இருக்கும், ஒரே மனைக்கு இரண்டு மூன்று கதவு எண்கள் இருக்கும். முகவரியை அடையாளமாகக் கொண்டால் ஒரே கட்டடத்தை இருமுறை எண்ணிவிடுவோம். அதனால்தான் தாளில் முகவரிக்கு அடுத்தே பிளாக் எண்ணும் லாட் எண்ணும் வருகின்றன. மன்ஹாட்டனில் ஒரு மனையைக் குழப்பமின்றிச் சுட்டுவது அந்த ஜோடி எண்தான். இரண்டாவது தேதி. விற்பனை நடந்த நாள் ஒன்று, அது பதிவேட்டில் ஏறிய நாள் இன்னொன்று. எந்தத் தேதியை எடுக்கிறோம் என்பதை வேலையின் முதல் நாளே தீர்மானித்து, கடைசித் தாள் வரை அதையே பிடிக்க வேண்டும். மூன்றாவது பெயர். ஒரே எழுத்து வேறுபாட்டில் இரண்டு நிறுவனங்கள் இருக்கலாம், ஒரே ஆள் மூன்று விதமாகக் கையெழுத்திட்டிருக்கலாம். இங்கே ஊகித்துச் சேர்த்துவிட்டால் முழு வாதமும் சரியும்.

அளவையும் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் முகவரி, பிளாக்–லாட், மனையின் அளவு, கட்டட வகை, உரிமை நிறுவனம், அதன் முகவரி, அதிகாரிகள், வாங்கிய தேதி, முந்தைய உரிமையாளர், அடமானம், வரி மதிப்பு என்று 11 விவரங்கள். 142ஆல் பெருக்கினால் 1,562 பதிவுகள். நூற்றுக்கு ஒன்று பிழையானாலும் சுவரில் ஏறக்குறைய 16 தவறுகள் தொங்கும். பெயர் குறிப்பிட்ட ஒருவரின் சொத்தைப் பற்றிய படைப்பில், வழக்குத் தொடுக்க அதில் ஒன்று போதும். தட்டச்சு செய்தவரே சரிபார்ப்பதும் பலன் தராது. பார்க்க எதிர்பார்த்ததையே கண் பார்க்கும். ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் தாளைப் பார்த்துக் குறியிடும் பழைய அச்சகத்து முறைதான் இதுபோன்ற வேலைக்குப் பாதுகாப்பு.

ஒரு தாள், அருகிலிருந்து

228 கிழக்கு 3ஆம் தெரு. பிளாக் 385, லாட் 19. மனை 24க்கு 105 அடி. 5 மாடி, மின்தூக்கி இல்லாத, ‘பழைய சட்ட’ அடுக்கு வீடு. உரிமை ஹார்ப்மெல் ரியல்டி என்ற நிறுவனத்துக்கு. ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட தலைவர்களின் பெயர் ஆண்டோடு இருக்கிறது. முதன்மையானவர் யார் என்று சொல்லும் வரிக்குப் பக்கத்தில், மன்ஹாட்டன் சொத்து விவரப் புத்தகத்தின்படி என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு. 1963 ஆகஸ்ட் 21 அன்று ஓர் அறக்கட்டளையிடமிருந்து 237,600 டாலருக்கு வாங்கப்பட்டது, ‘வேறு 7 கட்டடங்களும் சேர்த்து’. அதற்கு இரண்டு நாள் முன்னதான தேதியில், 6 விழுக்காடு வட்டியில் 150,000 டாலர் அடமானம், 5 ஆண்டுத் தவணை, இதுவும் அந்த 7 கட்டடங்களோடு சேர்த்தே.

இந்தத் தாளில் செய்யாமல் விட்டதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. 237,600ஐ 8ஆல் வகுத்தால் கட்டடத்துக்கு 29,700 டாலர் என்று பளிச்சென்று ஒரு எண் கிடைக்கும். பத்திரிகைத் தலைப்புக்கு அது பொருத்தமாகவும் இருக்கும். ஹாக்கே வகுக்கவில்லை. 8 கட்டடங்களும் ஒரே அளவு, ஒரே மதிப்பு என்று பதிவேடு எங்கும் சொல்லவில்லையே. பதிவேடு சொல்லாத ஒரு எண் தாளில் ஏறியிருந்தால், மற்ற எண்களின் நம்பகமும் அதோடு போயிருக்கும். ‘விவரப் புத்தகத்தின்படி’ என்ற குறிப்பும் இதே ஒழுக்கத்தைச் சேர்ந்தது. கவுன்டி பதிவிலிருந்து வந்த செய்தியையும் வேறொரு நூலிலிருந்து வந்த செய்தியையும் ஒரே தாளுக்குள் அவர் கலக்கவில்லை.

‘பழைய சட்ட’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். 1879ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1901ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இடையே கட்டப்பட்ட அடுக்கு வீடு என்று அதற்குப் பொருள். குறுகிய காற்றுக் குழாய்ப் பக்கம் திறக்கும் ஜன்னல்கள், இருண்ட உள்ளறைகள். 1901 சட்டம் புதிய கட்டடங்களில் தடுத்த வகை வீடு இதுவே. ‘வெளிச்சமில்லாத, நெரிசலான’ என்று ஒரு அடைமொழிகூடப் போடாமல், கட்டட வகையின் பெயர் ஒன்றாலேயே 1971இல் அங்கே குடியிருந்தவர்களின் நிலை தாளில் ஏறிவிடுகிறது. துறைச்சொல்லைத் துறைச்சொல்லாகவே விட்டதால் கிடைத்த பலம் அது.

மேலே இருக்கும் படமும் இதே முறையில்தான் எடுக்கப்பட்டது. தெருவில் நடக்கிறவர் நிற்கும் உயரத்திலிருந்து, முகப்பு மட்டும், படச் சட்டகத்துக்குள் அடங்க ஒளிப்படக்கருவியை மேல்நோக்கிச் சாய்த்து. அதனால் சுவர்கள் உச்சியில் லேசாகக் கூம்புகின்றன. கட்டட ஒளிப்படக்காரர் ஒருவர் இதைத் தவறு என்று திருத்தியிருப்பார். இங்கே அந்தக் கோணம், பார்க்கிறவர் நிற்கும் இடம் நடைபாதை என்பதைச் சொல்கிறது. குடியிருப்பவர்களின் முகங்களைத் தேடி எடுக்கவில்லை, உடைந்த படிக்கட்டுகளை நெருங்கிக் காட்டவில்லை, சோகத்தை வரவழைக்கவில்லை. காலி மனைகளும் வீடுகளைப் போலவே எடுக்கப்பட்டன, ஏனென்றால் அவையும் சொத்துதான். 142 படங்களில் ஒன்று மட்டும் அழகாக அமைந்திருந்தால் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், மற்ற 141ம் பின்னணி ஆகிவிடும். சீரான சாதாரணம் இங்கே சோம்பல் இல்லை, முறை.

காட்சி ரத்தானது

நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஹாக்கேயின் தனிக் கண்காட்சி 1971 ஏப்ரல் 30 அன்று திறப்பதாக இருந்தது. தலைப்பிலுள்ள மே 1 அதற்கு மறுநாள். கண்காட்சி திறக்கும் நாளையொட்டியே தரவின் தேதி அமைந்திருக்கிறது. திறப்புக்குச் சில வாரங்களே இருந்தபோது இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் கண்காட்சியை ரத்து செய்தார். ஆட்சேபத்துக்கு உள்ளானவை மூன்று: ‘ஷபோல்ஸ்கி’, வேறு இரு உரிமையாளர்களின் சொத்துகளைப் பற்றிய இதேபோன்ற இன்னொரு படைப்பு, பார்வையாளர்களிடம் கேட்கவிருந்த கருத்துக்கணிப்பு. பெயர்களை மறைத்துக்கொள்ள ஹாக்கே முன்வந்தும் பயன் இல்லை. கண்காட்சியைப் பொறுப்பேற்று அமைத்த கியூரேட்டர் எட்வர்ட் ஃப்ரை கலைஞரின் பக்கம் நின்றார், வேலையை இழந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அங்கே தங்கள் படைப்புகளைக் காட்ட மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள்.

அருங்காட்சியக அறங்காவலர்களுக்கும் ஷபோல்ஸ்கிக்கும் தொடர்பு இருந்ததால்தான் ரத்து என்று இன்றும் எழுதப்படுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை, ஹாக்கேயும் அப்படிச் சொல்லவில்லை. மெஸ்ஸர் சொன்ன காரணம் வேறு: அவதூறு வழக்கின் அபாயம், அதோடு இது கலை அருங்காட்சியகத்துக்குள் புகுந்த அந்நியப் பொருள் என்ற எண்ணம். கலைவழி ஆய்வு செய்கிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது கேள்விக்குத் தாளிலேயே பதில் இருக்கிறது. எல்லாம் பொதுப் பதிவு, தேதி உண்டு, ஊகம் இல்லை, அடைமொழி இல்லை. இரண்டாவது கேள்விக்குத் தாளால் பதில் சொல்ல முடியாது. பொதுவான சமூக விமர்சனத்தைக் கலை நிறுவனங்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பெயர், எண், தேதி என்று வரும்போதுதான் கதவு மூடுகிறது. குறிப்பாக இருப்பதே இந்தப் படைப்பின் பலம், அது வெளியேற்றப்பட்டதற்கும் அதுவே காரணம்.

நடைமுறையில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெயர் குறிப்பிடும் படைப்பு என்றால், கண்காட்சி நடத்தும் நிறுவனத்துக்கு முழுப் பட்டியலும் மூல ஆவணங்களின் நகலும் ஒப்பந்தக் கட்டத்திலேயே போய்ச்சேர வேண்டும். சட்ட ஆலோசகரின் கருத்தும் அப்போதே எழுத்தில் வர வேண்டும். சுவரில் ஆணி அடிக்கும் வாரத்தில் இந்தப் பேச்சு தொடங்கினால், பாதிப் படைப்பை எடுத்துவிடச் சொல்லும் சமரசத்தில்தான் முடியும்.

சுவரில் ஏற்றும்போது

பிற்காலத்தில் இந்தப் படைப்பு பல இடங்களில் காட்சிக்கு வந்தது. 2007இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் பார்சிலோனாவின் சமகாலக் கலை அருங்காட்சியகமான மக்பாவும் இதன் ஒரு பிரதியைக் கூட்டாக வாங்கின. 1971இல் உள்ளே வர முடியாததை அதே நகரத்தின் இன்னொரு அருங்காட்சியகம் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

இதுபோன்ற ஒன்றைத் தொங்கவிடுகிறவருக்கு முதல் கணக்கு சுவரின் நீளம். ஒவ்வொரு ஜோடியும் 8 அங்குல அகலம். இடைவெளியே இல்லாமல் ஒரே வரிசையில் வைத்தாலும் 1,136 அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 மீட்டர். ஒரு அங்குல இடைவெளி விட்டால் 32 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு சுவர் இல்லையென்றால் வரிசைகளைக் கூட்ட வேண்டியதுதான், ஆனால் அங்கேதான் பிரச்சினை. படமும் தாளும் சேர்ந்து 20 அங்குல உயரம், ஏறக்குறைய 51 சென்டிமீட்டர். மூன்று வரிசை என்றால் இடைவெளியோடு 162 சென்டிமீட்டர் வரும். நடுக்கோட்டைத் தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் பிடித்தால் மேல்வரிசை 231 சென்டிமீட்டர் வரை போகும், கீழ்வரிசைத் தாள் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். தட்டச்சு எழுத்தை அரை மீட்டருக்குள் நின்றால்தான் சிரமமில்லாமல் படிக்க முடியும். மேல்வரிசைப் படம் தெரியும், அதன் தாள் எட்டாது. படிக்க முடியாத தாள் தொங்கினால் இந்தப் படைப்பு வெறும் கட்டடப் படங்களின் தொகுப்பாகிவிடும். இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது, கீழ்வரிசைக்குக் குனிய வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

வெளிச்சத்திலும் இதே இழுபறி. வெள்ளி ஜெலட்டின் அச்சுக்கும் (இந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் வகை) காகிதத்துக்கும் பாதுகாப்பு கருதி ஒளியை 50 முதல் 100 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) வரை வைப்பது வழக்கம். சின்ன எழுத்தை அந்த ஒளியில் படிக்க முடியும், ஆனால் கண்ணாடியில் எதிரொளி விழுந்தால் முடியாது. விளக்கின் வலிமையைக் கூட்டுவதைவிடக் கோணத்தைத் திருத்துவதும், எதிரொளி குறைந்த கண்ணாடி போடுவதுமே சரியான வழி.

வரைபடங்களை எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. முதலிலேயே அவை கண்ணில் பட்டால், பார்வையாளர் ‘குவியல் அங்கே இருக்கிறது’ என்று தெரிந்துகொண்டு தாள்களைத் தாண்டிப் போய்விடுவார். தாள்களுக்குப் பிறகு வந்தால், ஒவ்வொன்றாகப் படித்த தெருப்பெயர்கள் வரைபடத்தில் திடீரென்று அடுத்தடுத்து நிற்கும். ஆய்வில் ஹாக்கே அடைந்த அதே கண்டுபிடிப்பைப் பார்வையாளரும் தானே நடந்து பார்த்து அடைவார். விளக்கப் பலகையும் அதேபோல, தாள்களைப் படிக்காமல் தப்பிக்க வழிகாட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

தாள்களில் ஒன்றையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டடங்கள் பின்னர் கைமாறியிருக்கலாம், இடிந்திருக்கலாம், வாடகை பல மடங்கு ஏறியிருக்கலாம். ‘1971 மே 1 நிலவரப்படி’ என்று தலைப்பிலேயே தேதி இருப்பதால், அன்றைக்கு எது உண்மையோ அது அப்படியே நிற்கிறது. இன்றைய நிலவரம் வேண்டுமென்பவர் பிளாக் எண்ணையும் லாட் எண்ணையும் குறித்துக்கொண்டு பதிவேட்டுக்குப் போகலாம். 385, 19 என்ற அந்த ஜோடி இன்னமும் தாளில்தான் இருக்கிறது.